ஊசி கோக்க ஓர் அறை

நவம்பர் 4

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று நீதான் சொல்வாய். எழுத உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வருகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். நம் ஊரில் இந்த மாதத்தில் நாய்கள் வெயில் விழும் இடத்தைத் தேடித் தேடிப் படுக்கும். இங்கே நிழலைத் தேடிப் படுக்கின்றன. அதைப் பார்த்ததும் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

மாமா சொல்லிவைத்திருந்த விடுதியில் சலவைப் பகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். பெட்ஷீட் மடிக்கும் வேலை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும், எதிரில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் விரிப்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். சூப்பர்வைசர் அம்மா முதல் நாளே என் பெயரைக் கேட்டார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. இப்போது என்னை ‘மடிப்பு’ என்று கூப்பிடுகிறார். எனக்கு அது வசதியாக இருக்கிறது. தூங்குவதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அறை பார்க்கத் தொடங்கிவிட்டேன். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. இன்னொரு குளிர்காலத்தை அங்கேயே கழித்தால் அம்மாவின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும், அப்புறம் நிமிராது என்றார். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அம்மாவை இங்கே வைத்திருந்தால் போதும். கிளம்பும்போது அம்மா, பொத்தான் துளை தைக்கும் தன் காஜா ஊசி ஒன்றையும் கொஞ்சம் நூலையும் என் பையில் போட்டாள், கவனித்தாயா? “சுவரைத் தொட்டுப் பாக்காத, ஜன்னலை எண்ணாத. காலையில போ. அங்க நின்னு ஊசியில நூலைக் கோத்துப் பாரு. குளிர்ல விரல் விறைச்சா நூல் போகாது. ரூம் நல்லதா கெட்டதான்னு கை சொல்லும்” என்றாள்.

நேற்று கடலைப் பார்த்த மாடி அறை ஒன்றுக்குப் போனேன். வெயில் நன்றாக விழுகிறது. வீட்டுக்காரர் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் போகவில்லை. ஜன்னல் சட்டமும் காற்றில் ஆடுகிறது. அதனால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைக்கக் கொடு. முதலில் இடது கை.

தங்கை

*

நவம்பர் 9

வாயில்லாப்பூச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாய் எங்கே படுக்கிறது, நீ விரிப்பை எவ்வளவு உயரம் பிடிக்கிறாய், எல்லாம் தெரிந்துகொண்டேன். அறை கிடைத்ததா என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஜன்னல் ஆடினால் ஒரு அட்டையை மடித்துச் செருகினால் தீர்ந்தது. அதற்காக ஒருத்தி வேண்டாம் என்று திரும்புவாளா? நாம் அங்கே நான்கு மாதம் ஒண்டிக்கொள்ளத்தான் இடம் தேடுகிறோம், மாளிகை கட்டிக் குடியேறப் போவதில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள என் கண்ணாடிக் கடை முதலாளி டிசம்பர் பத்தாம் தேதி வரைதான் லீவு கொடுத்திருக்கிறார், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. என் வீட்டில் உன் மாமா மூன்று வேளையும் முட்டையை அவித்துச் சாப்பிட்டுக்கொண்டு, நான் எப்போது வருவேன் என்று தினமும் கேட்கிறார்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கிறது. அம்மா நேற்று டம்ளரைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு, நான் டம்ளரை ஈரமாகக் கொடுத்தேன் என்று சொன்னாள். நான் போடும் டீ உன் டீ மாதிரி இல்லையாம். “அவ போட்டா வாய்க்குத் தெரியும், நீ போட்டா வயித்துக்குத்தான் தெரியுது” என்கிறாள். சர்க்கரை அதே சர்க்கரை, தூள் அதே தூள். நீ அதில் என்னத்தைப் போடுகிறாய் என்று எழுது.

வெந்நீர் கொடுத்தேன். ஏன் முதலில் இடது கை என்று எழுதவில்லை. நான் வலது கையை வைத்துவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

சீக்கிரம் ஓர் இடத்தைப் பிடி. கூச்சப்பட்டுக்கொண்டு நிற்க இது நேரமில்லை.

அக்கா

*

நவம்பர் 14

அக்கா,

இடது கையில்தான் வலி அதிகம். ஆனால் அம்மா அதைச் சொல்ல மாட்டாள். முதலில் வலது கையை வைத்தால் தண்ணீர் ஆறிவிடும், இடது கைக்கு மிஞ்சாது. டீயில் ஒன்றும் போடுவதில்லை. டம்ளரை முதலில் வெந்நீரில் கழுவுவேன். பிடிக்கும்போது கைக்குச் சூடாக இருக்கும். அதைத்தான் அம்மா ருசி என்கிறாள்.

இன்னும் இரண்டு அறை பார்த்தேன்.

ஒன்று ரொட்டிக் கடைக்கு மேலே. கீழே அடுப்பு இருப்பதால் தரையே வெதுவெதுப்பாக இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது கால் நன்றாகத்தான் இருந்தது. ஊசியை எடுத்தேன். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு பின்னாலேயே படியேறி வந்துவிட்டார். “என்னம்மா, ரூம் பாக்க வந்தியா, துணி தைக்க வந்தியா?” என்று கேட்டார். நான் ஊசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்தேன். நூல் நான்கு தடவை விலகிப் போயிற்று. அந்த அறையில் புகை வாடையும் இருந்தது. அம்மாவுக்கு இருமல் வரும். அதனால் வேண்டாம்.

இன்னொன்று ஒரு டீச்சரின் வீட்டில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். பின்பக்கம் தனி வாசலோடு ஓர் அறை. காலை வெயில் தரையில் பாதி வரை வருகிறது. இரண்டு கட்டில், பக்கத்தில் பக்கத்தில். மெத்தை சுத்தமாக இருக்கிறது. வெந்நீருக்குத் தனி அடுப்பு. டாக்டர் வீடு அடுத்த தெரு. டீச்சர் மெதுவாகப் பேசுகிறார். எத்தனையாவது வகுப்பு வரை படித்திருக்கிறாய் என்று கேட்டார். எட்டு என்று சொன்னேன். ஏன் நிறுத்திவிட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அங்கும் நூல் போகவில்லை.

வாசலில் படி இருக்கிறது. அம்மாவுக்குப் படி ஏற முடியாது. அதனால் அதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தங்கை

*

நவம்பர் 19

தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டீச்சர் வீட்டில் எத்தனை படி? நீ எழுதவில்லை. இங்கே நம் வீட்டு வாசலிலும் படி இருக்கிறது. அம்மா அதில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள், என்னைத் திட்டுவதற்காகத் தெருமுனை வரைக்கும்கூட வருகிறாள்.

திட்ட எழுத உட்காரவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். எனக்கு இப்போது அது இல்லை.

காலையில் நான் கண்ணைத் திறக்கும் முன்பே கூப்பிடுகிறாள். ஸ்வெட்டர் பொத்தானைப் போட வேண்டும். ஊரார் சட்டைக்கெல்லாம் ஆயுள் முழுக்கக் காஜா எடுத்தவள், தன் பொத்தானைத் தானே போட முடியாமல் மார்பை என் பக்கம் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். நான் அவசரத்தில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிடுகிறேன். மறுபடியும் கழற்றிப் போட வேண்டும். அப்புறம் வெந்நீர், அப்புறம் தலை வாருவது, அப்புறம் மறுபடியும் வெந்நீர். கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட வேண்டும். நான் உள்ளே நுழையும் சத்தம் கேட்டால், “யாரு, சின்னவளா?” என்கிறாள். இல்லை, பெரியவள் என்பேன். “ஓ” என்பாள். அந்த ஓவைக் கேட்டால் எனக்கு உடம்பே விட்டுப்போகிறது.

நீ வீட்டில் சும்மாதான் இருக்கிறாய் என்று இத்தனை வருஷமும் கடையில் கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கை வீட்டோடு இருக்கிறாள், வேலை ஒன்றும் இல்லை என்று. சரி, விடு.

முந்தாநாள் ஒரு காரியம் செய்தேன். விடிந்ததும், அடுப்பு மூட்டும் முன்னால், சமையலறையில் நின்றேன். வாயைத் திறந்தால் ஆவி வருகிறது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. அம்மாவின் பெட்டியிலிருந்து உன்னிடம் இருப்பது மாதிரியே ஓர் ஊசியை எடுத்து நூலைக் கோத்தேன். இரண்டாவது தடவையில் போய்விட்டது. நானோ தையல் கடைப் பக்கமே போகாதவள்.

ஆகவே உன் ஊசி அறையைச் சோதிக்கவில்லை. வெயில் அடிக்கும் ஊரில், தரையே சூடாக இருக்கும் அறையில் உன் கை ஏன் நடுங்குகிறது? ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்பதால். பிரஷ்ஷோடு ஒருவர், மாவுக் கையோடு ஒருவர். கூச்சத்தில் நடுங்கியதற்கு ஜன்னல், புகை, படி என்று பெயர் வைத்து மூன்று அறையைத் தள்ளிவிட்டாய். டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வா. சொல்ல வாய் வராவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டு.

அம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் நேற்றிலிருந்து முழுதாக நிமிரவில்லை. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பார்த்ததை எழுதினேன்.

அக்கா

*

நவம்பர் 23

அக்கா,

சுண்டுவிரலுக்கு வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, அதன் மேல் காய்ந்த துணியைச் சுற்று. விரலை இழுக்காதே. அது தானாகத்தான் இளக வேண்டும்.

நீ எழுதியது பாதி சரி. மாடி வீட்டிலும் ரொட்டிக் கடையிலும் கூச்சம்தான். டீச்சர் வீட்டில் அப்படி இல்லை. நான் ஊசியை எடுக்கும்போது அவர் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். வெயில் என் கை மேலேயே விழுந்தது. அப்போதும் நூல் போகவில்லை.

படி ஒன்றே ஒன்றுதான். செங்கல் உயரம்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாக இந்தக் காகிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அங்கே இரண்டு கட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஜன்னல் ஓரக் கட்டில் அம்மாவுக்கு என்று நினைத்தேன். உடனே மற்றக் கட்டிலில் நான் படுத்திருப்பது எனக்குத் தெரிந்தது. எப்படிப் படுத்திருப்பேன் என்றும் தெரிந்தது. அம்மா பக்கம் திரும்பி, ஒரு காதை மேலே வைத்து. அம்மா புரண்டால் விழித்துக்கொள்வேன். அம்மா கூப்பிடும் முன்பே எழுந்துவிடுவேன். நான்கு குளிர்காலமாக அப்படித்தான் படுக்கிறேன். அதை ஒரு கஷ்டம் என்று நான் நினைத்ததே இல்லை. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கை அதனால் நடுங்கியது.

தூங்க ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதினேன் அல்லவா? அதைப் பற்றி வேண்டுமென்றேதான் அதற்கு மேல் எழுதவில்லை. சலவைப் பகுதிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில்தான் போட முடியும். பாய்லரிலிருந்து மேல்மாடிக்குப் போகும் வெந்நீர்க் குழாய் அந்த அறையின் ஒரு பக்கச் சுவருக்குள்ளே ஓடுகிறது. அதனால் அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். வேலை முடிந்து வந்து முதுகை அதில் சாய்த்து உட்கார்ந்தால், யாரோ பின்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த ஆள் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

முதல் வாரம் முழுக்கத் தூங்கினேன் அக்கா. இரண்டு காதையும் தலையணையில் புதைத்துத் தூங்கினேன். மணி அடித்து எழுப்ப வேண்டியிருந்தது. “மடிப்பு ராத்திரியெல்லாம் மலையா பொரட்டுது?” என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டார்.

வந்த மறுநாள் காலையிலேயே அந்த அறையில் ஊசியைக் கோத்துப் பார்த்துவிட்டேன். முதல் தடவையிலேயே போய்விட்டது. எங்கேயும் போகாமல் அம்மாவுக்கு ஏற்ற சூடு எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது ஒரு கட்டில் போடும் அறை, அதில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால் வெளியே போய் மற்ற அறைகளைப் பார்த்து ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்கும் வரை நாள் போகும் அல்லவா?

இப்போது சொல்லிவிட்டேன். அம்மாவை இந்த அறைக்கே கூட்டி வா. கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே படுத்துக்கொள்கிறேன். இடம் கொஞ்சம் குறைவுதான், காலை மடக்கிக்கொள்ளலாம். எனக்குப் பழக்கம்தான்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

தங்கை

*

நவம்பர் 27

தங்கைக்கு,

படித்துக் காட்டிவிட்டேன்.

கோபப்படாதே. நான் ஒளித்து வைக்கத்தான் பார்த்தேன். தபால்காரர் வந்ததை அம்மா ஜன்னலில் பார்த்துவிட்டாள். சின்னவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். நலமாம், அறை கிடைத்துவிட்டதாம் என்றேன். “ரெண்டு வார்த்தைக்கா நாலு பக்கம்? என் விரல்தான் மடங்கியிருக்கு, காது நிமிந்துதான் இருக்கு. படி” என்றாள். கையிலும் ஒன்றும் பிடிக்க முடியாமல், முகத்தையும் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். படித்தேன். நடுவில் இரண்டு வரியை விழுங்கப் பார்த்தேன். “அங்க என்ன, வண்டி பள்ளத்துல எறங்குது?” என்றாள். அதையும் படித்தேன்.

முடித்ததும் இடது கையை என் பக்கம் நீட்டினாள். நான் சுண்டுவிரலுக்குத் துணி சுற்றினேன், நீ சொன்ன மாதிரி. ஈரத் துணி, மேலே காய்ந்த துணி. சுற்றி முடித்ததும் கேட்டாள்:

“சுவர்னா ரெண்டு பக்கம் இருக்குமே. அந்தப் பக்கம் யாரு இருக்கா?”

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தச் சுவர் என்றேன்.

“குழாய் ஓடுற சுவரு. இந்தப் பக்கம் அவளுக்குச் சுடுதுன்னா அந்தப் பக்கமும் சுடும்ல. அங்க ஆள் இருக்கா, காலியான்னு கேக்கச் சொல்லு. கீழ படுக்கிறாளாம், காலை மடக்கிக்கிறாளாம். வளர்ற புள்ள.”

அம்மா, தனி அறையில் நீ எப்படி இருப்பாய், ஏதாவது வேண்டுமென்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வேண்டுமென்றால் சுவரில் தட்டுவேன் என்றாள். நீ தட்டிக்கொண்டே இருப்பாய், அவள் எழுந்துகொண்டே இருப்பாள், இதற்கு ஒரே அறையில் இருந்துவிடலாமே என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன், களைப்பில்.

“தட்டவும் தெரியும்டி எனக்கு. தட்டாம இருக்கவும் தெரியும்” என்றாள்.

அதற்கப்புறம் டீ கேட்டாள். டம்ளரை வெந்நீரில் கழுவிவிட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முழுதாகக் குடித்தாள்.

ஆகவே உனக்கு ஒரு வேலை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நீ வாயைத் திறந்து கேட்க வேண்டும். காகிதத்தில் எழுதி நீட்டலாம் என்று போன தடவை சொன்னேன், இந்தத் தடவை அது வேண்டாம். உனக்காகக் கேட்கப்போகிறாய், வாயால் கேள்.

பிப்ரவரியில் பதினைந்து நாள் நான் அங்கே வருகிறேன். முதலாளி முகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். நான் இருக்கும்போது நீ எங்கே வேண்டுமானாலும் போ. எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

அக்கா

*

டிசம்பர் 1

அக்கா,

கேட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கேட்காமல் இருந்தேன். சூப்பர்வைசர் அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போவேன், அவர் நிமிர்ந்து பார்ப்பார், நான் ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். மடித்து வைத்திருந்த விரிப்பை எடுத்து வந்து மறுபடியும் மடித்தேன். நேற்று அவரும் நானுமே எதிரெதிரே நின்று மடிக்க வேண்டி வந்தது. விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். என் அறைக்கு அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள், அம்மாவுக்கு அது கிடைக்குமா என்று.

அவர் விரிப்பைக் கீழே இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “பேசுவியா நீ? இத்தனை நாளா உனக்குப் பேச்சே வராதுன்னு நெனச்சு சைகையிலயே வேலை வாங்கிட்டிருந்தேனே” என்றார். பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பக்கம் ஆள் இல்லை. கிழிந்த விரிப்புகளையும் கால் உடைந்த கட்டில்களையும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் ஒழித்துச் சுத்தம் செய்துகொண்டால் மார்ச் வரை இருக்கலாம், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்றார். இன்று வேலை முடிந்ததும் ஒழித்தேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது, கை கால் எல்லாம் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. ஜன்னல் சின்னதுதான். வெயில் வராது, வெளிச்சம் வரும். வாசலில் படி இல்லை. சுவர் அந்தப் பக்கமும் அதே சூடு. கட்டிலை அதை ஒட்டியே போட்டிருக்கிறேன், அம்மாவின் இடது கைப் பக்கம் சுவர் வரும்படி.

ஊசியை அங்கே கொண்டுபோகவில்லை. அம்மாவே வந்து கோத்துப் பார்க்கட்டும்.

எட்டாம் தேதி காலை ரயிலுக்கு வந்து நிற்பேன். அம்மாவுக்கு ஸ்வெட்டரைப் போட்டே கூட்டி வா. இங்கே இறங்கியதும் நான் பொத்தானைக் கழற்றிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. அறையை ஒழித்த பிறகு சூப்பர்வைசர் அம்மாவை அந்தப் பக்கம் நிற்கவைத்துச் சுவரில் தட்டச் சொன்னேன். நான் என் கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு காதையும் தலையணையில் புதைத்துக்கொண்டு கேட்டேன். மெதுவாகத் தட்டினாலே கேட்கிறது.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

தங்கை